மறு: ஃபான்டம் இன்வென்டரி – பேயிருப்பா, மாய இருப்பா?

வணக்கம்.

> 'பேயிருப்பு' என்றே வைத்துவிடலாம். மூலத்தில் இருப்பதும் அதுதான், கேட்டவுடன் மனதில் நிற்கும்.

மனதில் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் கணினிக் கணக்கில் இருக்கிறது, அலமாரியில் இல்லை என்கிற சரக்குக்கு (அதுதான் ஃபான்டம் இன்வென்டரி) நாம் தமிழ்ச் சொல் தேடுவது சில்லறைக் கடைக்காரர்களுக்கான மேகத் தரவுத்தளக் கையேட்டுக்கு, அதாவது இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் தரவுத்தளத்தின் கையேட்டுக்கு. "உங்கள் கிளையில் 14 பொருள்களில் பேயிருப்பு" என்று கடை மேலாளரின் போனுக்குத் தகவல் போனால் அவர் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நமக்கு வேண்டியது அவர் எழுந்து அலமாரிக்குப் போய் எண்ணிப் பார்ப்பது.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த இழையில் பாதிப் பேர் திருட்டை மட்டும் மனதில் வைத்துப் பேசுவதாகத் தெரிகிறது. திருட்டும் ஒரு காரணம்தான். ஆனால் பில் போடும் இடத்தில் நடப்பதைப் பாருங்கள். ஒரே கம்பெனி சோப்பில் சந்தனம், மல்லிகை, வேம்பு, எலுமிச்சை என்று வாசனைக்கு ஒன்றாக நாலு எடுத்து வருகிறார் வாடிக்கையாளர். நாலும் ஒரே விலை. வரிசை நீண்டு நிற்கிறது, பில் போடுகிற பெண் சந்தனத்தை மட்டும் ஒருமுறை ஸ்கேன் செய்து 4 என்று தட்டிவிடுகிறார். பில் தொகை சரி, இரவு கல்லா எண்ணும்போது காசும் சரி, யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கணினிக் கணக்கில் சந்தனம் உண்மையைவிட மூன்று குறைவு, மற்ற மூன்றும் ஆளுக்கொன்று கூடுதல். இதோடு உடைந்து குப்பைக்குப் போனது, லாரியிலிருந்து இறக்கும்போது பெட்டியை எண்ணாமலே வரவு வைத்தது, கிடங்கின் மூலையில் வேறு சரக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது எல்லாம் சேரும்.

அப்புறம்தான் உண்மையான தொல்லை. இருப்பு 6க்குக் கீழே போனால் தானாக ஆர்டர் போட வேண்டும் என்று அமைத்திருக்கிறோம், கணினியோ 8 இருப்பதாகச் சொல்கிறது, அலமாரியில் ஒன்றுகூட இல்லை. இல்லாததால் விற்காது, விற்காததால் 8 குறையாது, குறையாததால் ஆர்டர் போகாது. யாராவது கையால் எண்ணும்வரை அப்படியே கிடக்கும்.

இது ஏதோ அபூர்வம் என்று எழுதியிருந்த நண்பருக்கு: நிக்கோல் டிஹோரேஷியஸ், ஆனந்த் ராமன் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 37 கடைகளின் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்தார்கள். அவற்றில் 65 விழுக்காடு தப்பு.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> கடையில் இருப்பதைச் சொல்ல 'கையிருப்பு' ஏற்கெனவே உண்டே, அதிலிருந்து தொடங்கலாமா?

இந்த மடல்தான் எனக்கு வழி காட்டியது. இப்போது பல மென்பொருள்களில் 'ஆன் ஹேண்ட்' என்ற நெடுவரிசையைக் கையிருப்பு என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் அந்த எண் கையில் இருப்பதைக் காட்டுவதில்லை, ஏட்டில் இருப்பதைக் காட்டுகிறது. அதை ஏட்டிருப்பு என்போம். போய் எண்ணி வந்தது கையிருப்பு. கணினிக்கு ஏது ஏடு என்று கேட்பவர்கள் பேரேடு என்ற சொல் இன்னும் கணக்கு மென்பொருள்களில் இருப்பதைக் கவனிக்கலாம், ஏட்டுச் சுரைக்காயும் துணைக்கு இருக்கிறது.

ஏட்டில் இருந்தும் கையில் இல்லாததற்கு மட்டும் தனிச்சொல் வேண்டும். 'பொய்யிருப்பு' எனக்கும் முதலில் பிடித்தது, எளிமை, கடையில் எவருக்கும் புரியும். ஆனால் பொய் என்றால் யாரோ சொன்னார்கள் என்றாகிறது. முதலாளி அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஸ்டோர் கீப்பரைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார், சோப்பு ஸ்கேன் விஷயம் எங்கோ போய்விடும். 'மாய இருப்பு' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணமே இல்லாமல் மறைந்தது போன்ற தொனி. என் பரிந்துரை: வெற்றிருப்பு. வெற்றுத்தாள், வெற்றுக் காசோலை வரிசையில் வரும், யாரையும் குற்றம் சாட்டாது. அவசரத்தில் சிலர் வெற்றி என்று வாசிப்பார்கள் என்பது தெரியும். கொஞ்ச நாள் புழங்கினால் சரியாகிவிடும்.

தரவுத்தளம் காட்டும் பட்டியலுக்கு 'வெற்றிருப்புப் பட்டியல்' என்று தலைப்பிட வேண்டாம் என்பது இன்னொரு வேண்டுகோள். பிக்குவெரி, ஸ்னோஃபிளேக், ரெட்ஷிஃப்ட் என்று எந்த மேகத் தரவுத்தளமானாலும் நடப்பது இதுதான்: எல்லாக் கிளைகளின் பில் வரிகளும் ஓரிடத்தில் சேர்கின்றன, அவற்றில் பொருள், கிளை, தேதி, எண்ணிக்கை என நாலைந்து நெடுவரிசைகளை மட்டும் வாசித்து, வழக்கமாக விற்கிற பொருள் திடீரென்று நின்றுபோனதா என்று பார்க்கிறோம். (நெடுவரிசையாகச் சேமிப்பதாலும், கணினித் திறனை ஓடுகிற நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம் என்பதாலும்தான் பத்துக் கிளை வைத்திருப்பவருக்கும் இது கட்டுப்படியாகிறது.) நாளுக்குச் சராசரியாக 2 விற்கும் பொருள் தற்செயலாக மூன்று நாள் ஒன்றுகூட விற்காமல் இருக்க வாய்ப்பு 400இல் 1 அளவுதான், ஆகவே சந்தேகப்படலாம். வாரத்துக்கு ஒன்று விற்கும் பொருளுக்கு மூன்று நாள் மௌனம் ஒரு பொருட்டே இல்லை. மேலும் 4,000 பொருள் உள்ள கடையில் அந்த 400இல் 1 என்பதே சும்மா பத்துப் பொருளைப் பட்டியலில் ஏற்றிவிடும். எனவே அது 'வெற்றிருப்பு ஐயப் பட்டியல்'. எண்ணிப் பார்த்த பிறகுதான் வெற்றிருப்பு. ஐயத்தை விட்டுவிட்டால் மேலாளர் அலமாரிக்குப் போகாமலே ஏட்டிருப்பைச் சுழியாக்கிவிடுவார், சரக்கு கிடங்கு மூலையில் இருந்தால் அடுத்த ஆர்டரும் வந்து குவியும்.

எஸ்கேயு (ஒவ்வொரு பொருள்வகைக்கும் கடை வைக்கும் தனிக் குறியீடு) பற்றி: 'சரக்கலகு' வேண்டாம், எஸ்கேயு என்றே விடலாம். கடைகளில் ஐட்டம் கோடு என்கிறார்கள், அதற்கும் இதற்கும் சண்டை மூட்ட வேண்டியதில்லை. டாஷ்போர்டுக்கு 'முகப்புப் பலகை' போதும், அதை மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை.

மிச்சம் இருப்பது அந்தச் சந்தன சோப்பு. ஏட்டில் குறைந்து கையில் கூடுதலாக இருப்பது, முற்றி ஏட்டு எண் சுழிக்குக் கீழே போனால் கடைக்காரர்கள் 'மைனஸ் ஸ்டாக்' என்பார்கள். 'எதிர்மறை இருப்பு' பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஏட்டுக்குறை என்று யோசித்தேன், அது ஏடே குறைந்துபோனது போல ஒலிக்கிறது. வேறு யாருக்காவது நல்லது தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள், கையேட்டின் நான்காம் இயல் அதற்காகத்தான் காத்திருக்கிறது.