சங்கீதம் 90:10 – எழுபதுக்கு மேல் போனஸா?

தூத்துக்குடிக்காரன்:
போன ஞாயிறு என் எழுபத்தோராவது பிறந்தநாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். ஜெபிக்க வந்த ஊழியர், "ஐயாவுக்குக் கர்த்தர் கொடுத்த கணக்கு எழுபதோடு முடிந்தது, இனி எல்லாம் போனஸ்" என்றார். சபையே சிரித்தது, எனக்கு எரிச்சல். வேதாகமத்தின் 90ஆம் சங்கீதத்தில் "எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம்" என்று இருப்பதைத்தான் சொன்னார். "பெலத்தின் மிகுதியால் எண்பது வருஷமாயிருந்தாலும்" என்றும் அதே வசனத்தில் இருக்கிறதே? அது போகட்டும். ராத்திரி தூக்கமில்லாமல் நாளை எண்ணிக்கொண்டு கிடப்பவனுக்கு இந்தச் சங்கீதத்தில் என்ன ஆறுதல்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்:
போனஸ் என்பது தப்பு. ஆனால் எழுபது சரி. எண்பது பெலசாலிகளுக்கு மட்டும். 34 வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன் சொல்கிறேன்.

தேரிக்காடு:
கணக்கு வாத்தியாரே, அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் படித்தீர்களா? மோசேயின் ஜெபம். அவர் மரித்தது 120 வயதில், கண் இருளடையாமல் (உபாகமம் 34:7). பார்வோனிடம் பேசப் போனபோதே அவருக்கு 80, ஆரோனுக்கு 83. அப்படியானால் யாத்திராகமம் முழுக்கப் போனஸில் நடந்ததா?

பாளை வாத்தியார்:
மோசே விசேஷமானவர். வசனம் சாதாரண ஜனத்துக்கு. எழுபது.

மணப்பாட்டான்:
எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் "வலிமை மிகுந்தோர்க்கு எண்பது" என்று தெளிவாக இருக்கிறது. அப்புறம், பழைய லத்தீன் வேதாகமத்தின் எண் வரிசைப்படி இது 89ஆம் சங்கீதம்.

பாளை வாத்தியார்:
89ஐ யார் கேட்டது? நாங்கள் பிறந்ததிலிருந்து "பெலம்" என்றுதான் ஜெபிக்கிறோம். மொழிபெயர்ப்பில் கை வைக்க வேண்டாம்.

மணப்பாட்டான்:
யார் கை வைத்தது? தமிழில் அது பலம் ஐயா, பலம்.

வனாந்தரவாசி:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். இது மோசேயோடு எகிப்தை விட்டு வந்து வனாந்தரத்தில் விழுந்த தலைமுறையின் புலம்பல். இருபது வயதுக்கு மேல் எண்ணப்பட்டவர்கள் நாற்பது வருஷத்தில் செத்தார்கள் (எண்ணாகமம் 14). அன்றைக்கு இருபதாக இருந்தவன் அறுபதைத் தாண்டியிருக்க முடியாது. எழுபதே அவர்களுக்குப் பெரிய வயது.

பாளை வாத்தியார்:
அரைகுறையாகச் சொல்லாதீர்கள். யோசுவாவும் காலேபும் தப்பினார்கள். காலேப் 85 வயதில் மலைநாட்டைக் கேட்டு வாங்கினான்.

தேரிக்காடு:
ஆகா, 85! நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பாளை வாத்தியார்:
காலேபும் விசேஷமானவன்.

தேரிக்காடு:
உங்களுக்கு இடிக்கிறவர்கள் எல்லாரும் விசேஷம். போன மாதம், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோனுக்கு 112 வயது என்று அடித்துவிட்டீர்களே, அதை மறக்கவில்லை. லூக்கா அவன் வயதையே சொல்லவில்லை. 84 என்று எழுதியிருப்பது அதே இடத்தில் வரும் தீர்க்கதரிசி அன்னாளுக்கு.

பாளை வாத்தியார்:
அந்த விவாதம் முடிந்துவிட்டது. பழையதைக் கிளறுகிறவர்களுக்கு வசனம் தெரியாது என்று அர்த்தம்.

எஸ்தர் அம்மா:
கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லையே தம்பிகளா. எண்பது வயது பர்சிலாவை தாவீது ராஜா அரண்மனைக்கு அழைத்தபோது, சாப்பாட்டில் ருசி தெரியாது, பாட்டுக்காரர் சத்தம் காதில் விழாது, என் தாய் தகப்பன் கல்லறையண்டையில் சாகிறேன் என்றான். என் மாமியாரும் கடைசியில் இப்படித்தான் பேசினார்கள். ஆனால் தினமும் விடியற்காலையில் 14ஆம் வசனத்தைச் சொல்லித்தான் எழுந்திருப்பார்கள்: "காலையிலே எங்களை உமது கிருபையால் திருப்தியாக்கும்." தூக்கம் வராத ஐயா, மீதி வருஷத்தை விடுங்கள், நாளைக் காலையை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பாளை வாத்தியார்:
அம்மா, நல்ல சாட்சிதான். ஆனால் இங்கே பேச்சு 10ஆம் வசனம். 14க்குத் தனித் திரி தொடங்கவும்.

தூத்துக்குடிக்காரன்:
வாத்தியார் ஐயா, திரியைத் தொடங்கியது நான். அம்மா, நன்றி, இன்று ராத்திரியே

மணப்பாட்டான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், "பெலம்" பற்றி இன்னும் பதில் வரவில்லை.

தேரிக்காடு:
வாத்தியாருக்கு என்ன வயது?

பாளை வாத்தியார்:
விவாதத்துக்குத் தேவையில்லாத கேள்வி.

தேரிக்காடு:
சும்மா சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்:
வருகிற ஜூனில் எழுபது. அதற்காகச் சொல்லவில்லை. வசனம் அப்படித்தான் இருக்கிறது.

மணப்பாட்டான்:
89ஆம் சங்கீதத்தில்.