நாசகாரிக் கப்பலின் உதிரிபாகம் யார் கணக்கில் இருக்கிறது?

கணக்கர்: அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் உள்ள உதிரிபாகங்கள் அனைத்தும் சுழல்நிதிக்கு, அதாவது பொருளை வாங்கிப் பிரிவுகளுக்கு விற்று, வரும் பணத்தில் மீண்டும் வாங்கும் கடற்படை நிதிக்குச் சொந்தமானவை என்று துறைமுகன் நேற்று எழுதியது முழுத் தவறு. விமானந்தாங்கியில் பல விமானப் பிரிவுகள் ஒரே பண்டகசாலையிலிருந்து பொருள் எடுக்கின்றன. அவற்றுக்குத் தனித்தனி ஒதுக்கீடு உண்டு. ஆகவே அங்கே சரக்கு சுழல்நிதியின் சொத்தாகவே இருந்து, எடுப்பவர் கணக்கில் எடுக்கும்போது பற்று வைக்கப்படுகிறது. நாசகாரிக் கப்பலில் அப்படியன்று. பாகத்தைக் கேட்டு எழுதியவுடனேயே, கப்பலின் ஆண்டுச் செலவுக்கான ‘ஆப்டார்’ ஒதுக்கீட்டில் விலை கழிந்துவிடுகிறது.

துறைமுகன்: நான் பேசியது பெருங்கப்பல்களைப் பற்றி என்பது படித்தவர்களுக்குப் புரியும். உங்கள் கூற்றிலும் பிழை இருக்கிறது. புதிய கப்பலில், அது வைத்திருக்க வேண்டிய உதிரிபாகங்களைக் குறிக்கும் ‘கோசால்’ பட்டியல்படி ஏற்றப்படும் முதல் சரக்கு, கப்பல் கட்டும் ஒதுக்கீட்டில் வாங்கப்படுவது. அதில் ஆப்டார் எங்கே வந்தது?

கணக்கர்: முதல் சரக்கைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. ‘அனைத்தும்’ என்று எழுதியவர் நீங்கள். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லுங்கள்.

அலைவாயன்: நாசகாரிகளையும் சுழல்நிதியில் சேர்த்துவிடலாமே? என்றைக்கோ பழுதாகப்போகும் பாகத்துக்காகக் கப்பலின் இந்த ஆண்டுப் பணம் ஏன் முடங்க வேண்டும்? செப்டம்பர் 30-இல் நிதியாண்டு முடியும்போது மிச்சப் பணத்தை அவசரமாகச் செலவிடும் வழக்கமும் குறையும்.

கணக்கர்: சுழல்நிதி தன் நிர்வாகச் செலவையும் விலையில் ஏற்றித்தான் விற்கிறது, சுமை இடம் மாறுமே தவிர மறையாது. பழுதுபார்த்து மறுபடி பயன்படுத்தத்தக்க பாகங்கள் முன்பு கப்பலுக்கு விலையின்றிக் கிடைத்தன. 1981-இல் கப்பல் பாகங்களும், 1985-இல் விமானப் பாகங்களும் சுழல்நிதிக்கு மாற்றப்பட்ட பிறகு, பழுதான பழையதைத் திருப்பித் தந்தால் குறைந்த விலை, தராவிட்டால் முழு விலை என்றாயிற்று. பழையதைக் கவனமாகத் திருப்பி அனுப்பும் அக்கறை அதன் பிறகு கப்பல்களில் கூடியது. தன் பணம் என்ற உணர்வு இல்லாத இடத்தில் சரக்கைப் பேணமாட்டார்கள்.

அலைவாயன்: நீங்கள் சொன்ன உதாரணமே சுழல்நிதிக்குச் சாதகமாக அல்லவா நிற்கிறது?

துறைமுகன்: அவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். சென்ற மாதம் நீர்மூழ்கிகளைப் பற்றிய விவாதத்திலும் தன் பிழையைச் சுட்டியவரைத்தான் கண்டித்தார். கோசால் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

கணக்கர்: நீர்மூழ்கி விவாதத்தில் நான் எழுதிய ஒவ்வொரு வரியிலும் இன்றும் உறுதியாக நிற்கிறேன். ‘அனைத்தும்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறீர்களா, இல்லையா?