துறைமுகத்தில் நனைந்த கப்பல் பாயை எப்படிக் காயவைப்பது?

கேள்வி: வெப்பமண்டலத் துறைமுகம், தினமும் மதியம் மழை. பயிற்சிப் பாய்க்கப்பலில் பாய்கள் ஈரத்தோடே சுருட்டிக் கிடக்கின்றன. கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் 1: காலையில் காற்று எழுமுன் பருமலில் (பாயைத் தாங்கும் குறுக்குமரத்தில்) உள்ள கட்டுகளை அவிழ்த்து, பாயைத் தொய்வாகத் தொங்கவிடுங்கள். கீழ்முனைகளை இழுத்துக் கட்டவே கூடாது. பாயில் காற்று நிரம்பினால் மொத்த இழுப்பும் கப்பலைக் கரையோடு கட்டியிருக்கும் கயிறுகள் மேல் விழும். காய்ந்ததும் உடனே சுருட்டுங்கள். பாலியெஸ்டர் பாய்க்குப் பூஞ்சையால் கறைதான், வெயில்தான் எமன். பருத்திப் பாயோ பூஞ்சையில் இற்றே போகும்.

பதில் 2: மழைக்கு முன் மணிலாக் கயிறுகளையும் (இயற்கை நார்க் கயிறு) கொஞ்சம் தளர்த்துங்கள். நனைந்தால் சுருங்கி விறைத்துவிடும். பாலியெஸ்டர் கயிறென்றால் இந்த வேலை மிச்சம்.

பதில் 3: மரத்தளம்? வெயிலில் பலகை சுருங்கி இடுக்கு திறந்தால் மழைத்தண்ணீர் நேரே படுக்கைக்குத்தான். காலை, மாலை கடல்நீர் ஊற்றுங்கள். துறைமுகத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் மட்டும் வேண்டாம்.