அரையாண்டு லீவில் குல்மார்க்: 6, 9 வயசுப் பிள்ளைங்களுக்கு முதல் பனிச்சறுக்கு சரிப்படுமா?

மஞ்சக்குப்பம் மீனா
கடலூர்லேர்ந்து நாங்க நாலு பேர். பெரியவனுக்கு 9 வயசு, 28 கிலோ. சின்னவளுக்கு 6 வயசு, 20 கிலோ. ரெண்டும் பனியைக் கண்ணால பார்த்ததில்ல. டிசம்பர் கடைசியில அரையாண்டு லீவு விட்டதும் சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகர், காஷ்மீர் மலையில இருக்கிற குல்மார்க்ல அஞ்சு நாள்னு திட்டம். வீட்டுக்காரர் வீடியோ பார்த்து தானே சொல்லித் தரேன்கிறார். அட்வான்ஸ் கட்டலாமா?

லாஸ்பேட்டை லோகு
கட்டாதீங்க அக்கா. அங்கே கடுங்குளிர்க் காலமே டிசம்பர் 21-லதான் ஆரம்பிக்குது. நம்பி இறங்குற அளவுக்குப் பனி சேர ஜனவரி பாதி தாண்டணும், அதுவும் இப்பல்லாம் நிச்சயமில்ல. 2024 ஜனவரியில கடைசி வாரம் வரைக்கும் குல்மார்க் புல்வெளி காய்ஞ்சுதான் கிடந்துச்சு. 2025 பிப்ரவரியில அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டைப் பனி இல்லாம மார்ச்சுக்குத் தள்ளி வெச்சாங்க.

அந்தக் காசுக்கு துபாய் போங்க. சென்னையிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரம். "ஸ்கீ துபாய்"ங்கிற உள்ளரங்கப் பனிச்சறுக்கு இடம் ஒரு மாலுக்குள்ளேயே இருக்கு, 2005-லேர்ந்து ஓடுது. பெரிய சரிவு 400 மீட்டர், உள்ளே பூஜ்யத்துக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி கீழே. நிக்கவும் திரும்பவும் கத்துக்க அது தாராளம்.

முத்தியால்பேட்டை முரளி
லோகு சொன்ன வருஷக் கணக்கு சரி, முடிவுதான் தப்பு. மலை மேல பாறையை மூடத்தான் கனமான பனி வேணும். பிள்ளைங்க கத்துக்கிறது 2,650 மீட்டர் உயரத்துல இருக்கிற கிண்ணம் மாதிரியான புல்வெளியில. அடியில புல்லுதான், ஓரடி பனி போதும். கொண்டோலா, அதான் கம்பியில தொங்கிப் போற ரோப் கார், ரெண்டாம் கட்டத்துல அபர்வாத் மலை கிட்ட 3,900 மீட்டருக்கு மேல போகும். அங்கே சமன் செய்யாத சரிவு, பனிச்சரிவு அபாயமும் உண்டு. முதல் தடவை போற குடும்பத்துக்கு அங்கே வேலையே இல்ல.

நான் பயப்படுறது பனியை நினைச்சு இல்ல, வாடகைக் கடையை நினைச்சு. பூட்ஸை ஸ்கீயோட, அதாவது சறுக்குற பலகையோட, பிடிச்சு வெக்கிற பைண்டிங்ல, முன்பக்கம் ஒண்ணு, குதிகால் பக்கம் ஒண்ணுன்னு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். உள்ளே எண், பக்கத்துல கோடு. விழுந்தா எவ்வளவு விசையில பூட்ஸை விடணும்னு அதுதான் சொல்லுது. எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், திறமை எல்லாம் பார்த்து வெக்கணும். 9 வயசும் அதுக்குக் கீழேயும்னா அதுக்கான அட்டவணையில ஒரு படி குறைக்கணும். உங்க சின்னவளுக்கு 1 பக்கம் வரும், பெரியவனுக்கு 2 பக்கம். பெரியவங்க பைண்டிங் பலதுல எண்ணே 3-லதான் ஆரம்பிக்கும். அதை 20 கிலோ குழந்தைக்கு மாட்டினா, விழும்போது ஸ்கீ கழறாது, கால் எலும்புதான் முறுக்கிக்கும்.

லாஸ்பேட்டை லோகு
என் வாதத்தையே நீங்க பேசுறீங்க முரளி சார். அளவு சரியா கிடைக்குமான்னு தெரியாத இடத்துக்கு ஏன் குழந்தையைக் கூட்டிட்டுப் போகணும்? துபாய்ல ஒரே நிறுவனம்தான் சரிவையும் நடத்துது, பூட்ஸும் ஸ்கீயும் தருது.

முத்தியால்பேட்டை முரளி
தெரிஞ்சுக்க வழி இருக்கே. அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி, குழந்தை பைண்டிங்கோட அந்த எண் ஜன்னலை போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பச் சொல்லுங்க. அனுப்பாத கடை வேண்டாம். ஸ்கீ நீளம் நெஞ்சுக்கும் மோவாய்க்கும் நடுவுல நிக்கணும். "அடுத்த வருஷமும் ஆகும்"னு நீளமா தந்தா வாங்காதீங்க. 6 வயசுக்கு கைக்கோல் தேவையில்ல, கொடுத்தா அதையே ஊன்றிக்கிட்டு நிக்கும்.

கோரிமேடு வாணி
ரெண்டு பேரும் இடத்துக்காகச் சண்டை போடுறீங்க. குழந்தை ரெண்டாம் நாளே "வேணாம்"னு அழறது பெரும்பாலும் பூட்ஸால. குளிருக்குப் பயந்து நம்ம ஊர்க்காரங்க ரெண்டு சாக்ஸ் போடுவாங்க. அது மடிஞ்சு அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், விரல் இன்னும் சில்லிடும். முழங்கால் வரை வர்ற மெல்லிய சாக்ஸ் ஒண்ணு போதும், பருத்தி கூடாது. பனியன் உட்பட உள்ளே எதுவுமே பருத்தி வேண்டாம், வேர்வையில நனைஞ்சா காயாது.

பூட்ஸ் எண் பாதத்தோட நீளம், சென்டிமீட்டர்ல. பார்க்கிற விதம் இது: உள்மெத்தையை உருவிட்டு, பூட்ஸோட வெறும் வெளி ஓட்டுக்குள்ள காலை முன்னாடி தள்ளி நிக்க வெச்சா, குதிகாலுக்குப் பின்னால ஒண்ணரை சென்டிமீட்டர் இடைவெளி. மெத்தையோட போட்டு நிமிர்ந்தா விரல் நுனி லேசா தொடணும், முழங்காலை மடக்கினா விலகணும். ஸ்கீயில ஏறும்போது பூட்ஸ் அடியில ஒட்டின பனியைச் சுரண்டிட்டு, முதல்ல முன்நுனி, அப்புறம் குதிகாலை அழுத்தணும். பனி ஒட்டியிருந்தா மாட்டின மாதிரி தெரியும், பாதி வழியில கழண்டுக்கும்.

கடல் மட்டத்துலேர்ந்து ஒரே நாள்ல 2,650 மீட்டர் ஏறுறீங்க. முதல் நாள் ஸ்கீயும் வேண்டாம், கொண்டோலாவும் வேண்டாம். தலைவலியோட வாந்தி வந்தா மேலே ஏறாதீங்க, குறையலைன்னா கீழே இருக்கிற தங்மார்க் ஊருக்கு இறங்கிடுங்க. பனியில வெயில் திருப்பி அடிக்கும், மோவாய்க்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்க.

வீட்டுக்காரர் சொல்லித் தர்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். காலுக்கு நடுவுல குழந்தையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா அது பின்னால சாஞ்சே பழகிடும். எடை குதிகாலுக்குப் போனா ஸ்கீ முனை சொன்ன பேச்சு கேக்காது. நுனி சேர்ந்து வால் விரிஞ்ச "பீட்சா" நிலையில தானா நிக்க வர்ற வரைக்கும், பதிவு அட்டை உள்ள பயிற்சியாளர்கிட்ட விடுங்க. காலையில ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல 6 வயசு தாங்காது.

துமாஸ் வீதி
சொந்தக்காரங்க பிரான்சுல இருந்தா இதையும் பாருங்க: அங்கத்த ஸ்கீ பள்ளிகள்ல "பியூ பியூ"ங்கிற சின்னப் பிள்ளைங்க வகுப்பு 3 வயசுலேர்ந்தே உண்டு, வேலி போட்ட தனி இடத்துல. பிப்ரவரி பள்ளி லீவுல விலை எகிறும். சாதாரணப் பயணக் காப்பீட்டுல பனிச்சறுக்கு பெரும்பாலும் சேராது, தனியா கேட்டுச் சேர்க்கணும்.

லாஸ்பேட்டை லோகு
வாணி அக்கா சொன்ன உயரத் தொல்லையும் துபாய்ல இல்ல. நான் மாறல.

மஞ்சக்குப்பம் மீனா
டிசம்பரை விட்டுட்டோம். குடியரசு தினத்தை ஒட்டி ஒரு வாரம் ஸ்கூல்ல லீவு கேக்கப் போறோம், குல்மார்க்குக்கே. சொல்லித் தர்ற யோசனையை வீட்டுக்காரரும் கைவிட்டுட்டார். ரெண்டு கடைக்கு பைண்டிங் போட்டோ கேட்டு அனுப்பியிருக்கேன்.

முத்தியால்பேட்டை முரளி
நல்லது. ஸ்ரீநகர் விமானம் பனிமூட்டத்துல ரத்தாகும், திரும்பும்போது ஒரு நாள் உபரியா வெச்சுக்கோங்க. தங்மார்க்லேர்ந்து மேலே ஏற டயர்ல சங்கிலி போட்ட வண்டியா பாருங்க. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்ல எடுக்காது, ஒருத்தர் போனாவது போஸ்ட்பெய்டா இருக்கட்டும்.