கிளட்ச்சை மிதித்தது யார்?

சேலம், அழகாபுரம்

லைசென்ஸ் கைக்கு வந்து பதினோரு நாள் கழித்துத்தான் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று தெரிந்தது. வயது 44. கூச்சப்படாமல் எழுதுகிறேன், உங்களில் பாதிப் பேர் என் கட்சியாகத்தான் இருப்பீர்கள்.

டிரைவிங் பள்ளியில் சேர்ந்து 20 வகுப்பு போனேன். காலை ஆறரைக்கு வாசலில் ஒரு பழைய மாருதி வந்து நிற்கும். மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு, ஆபத்துக்கு மட்டும் தொடுவார் என்று நினைத்திருந்தேன். அந்த 20 நாளில் வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. “சூப்பர் மேடம், உங்களுக்கு நல்லா செட் ஆயிடுச்சு” என்பார். பெடல் சில நேரம் என் காலுக்குக் கீழே தானாக இறங்கி ஏறும். எல்லாக் காரும் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் முடிந்ததும் டெஸ்ட். மாஸ்டர் பக்கத்து சீட்டில், பிரேக் இன்ஸ்பெக்டர் பின் சீட்டில். மூன்றாவது கியர் வரை போய், நிறுத்தி, கொஞ்சம் ரிவர்ஸ் வந்தேன். பாஸ்.

பதினோராம் நாள் எங்கள் சொந்தக் காரைச் சந்திலிருந்து எடுத்தேன். ஏழு முறை ஆஃப் ஆனது. வீட்டுக்காரர் “கிளட்ச்ச விடு… ஐயோ, விடாத… விடுன்னு சொல்றேன்ல!” என்றார். பால்காரர் சைக்கிளோடு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார். எட்டாவது முறை கார் தவளை மாதிரி குதித்து அடுத்த வீட்டு வாழைக் கன்றின் மேல் போய் நின்றது. அந்தப் பள்ளிக் காரில் 20 நாளும் கிளட்ச்சை மிதித்தது யார் என்பது அங்கேதான் புரிந்தது.

வாழைக் கன்றின் சொந்தக்காரர் அரசு பஸ்ஸில் 31 வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். திட்டுவார் என்று பயந்துகொண்டே இறங்கினேன். “ஞாயித்துக்கிழம காலைல கிரவுண்டுக்கு வா கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் நாள் செருப்பைக் கழற்றச் சொன்னார். “ஆக்சிலரேட்டர்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துரு.” முதல் கியர் போட்டு, கிளட்ச்சை நூல் நூலாக விட வேண்டும், அவ்வளவுதான் பாடம். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மும், உள்ளங்காலில் ஒரு அதிர்வு வரும், கார் எறும்பு மாதிரி நகர ஆரம்பிக்கும். “அங்கயே நில்லு. மனசுக்குள்ள மூணு எண்ணு. அப்புறம் விடு.” மறுபடி மிதி, நிறுத்து, மறுபடி. ஒன்றரை மணி நேரம் வலது கால் பிரேக்கைத் தவிர எதையும் தொடவில்லை. டீசல் கார் என்பதால் ஆக்சிலரேட்டர் இல்லாமலே சமதளத்தில் கிளம்பியது. பெட்ரோல் காரில் இதையே இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும் என்றார்.

டீ குடிக்கும்போது “ஏங்கய்யா அந்த ஒரு இடத்துல மட்டும் அப்படி ஆகுது?” என்று கேட்டேன். வீட்டிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து வந்தார். ஒன்று எஞ்சினோடு சுற்றிக்கொண்டே இருப்பது, இன்னொன்று கியர்பாக்ஸைச் சேர்ந்தது. பெடலை மிதித்தால் இரண்டும் விலகும், விட்டால் ஸ்பிரிங் இரண்டையும் ஒட்டவைத்துவிடும். சுற்றுகிற தட்டில் நிற்கிற தட்டைப் படக்கென்று ஒட்டினால், ஒன்று கார் குதிக்கும், இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். மெல்ல உரசவிட்டால் நிற்பதும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். அந்த உரசல்தான் ஹாஃப் கிளட்ச். உரசலிலேயே வைத்திருந்தால் தட்டு சூடாகிக் கருகிய வாடை வரும். 20 வகுப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் மேடு. சேலத்துக்காரர்களுக்குத் தெரியும், 2020-இல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம். சாயங்காலம் அதன் ஏற்றத்தில் நெரிசலில் நின்று கிளம்புவதை நினைத்தாலே எனக்குக் கை வியர்க்கும். அதற்கு முன்னால் ஒரு சின்ன சரிவில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குப் பின்னால் நாலு விரல் இடைவெளியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். “பூஜைக்கு நசுக்குவோம், இப்ப நசுக்கக் கூடாது.” ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடியே கிளட்ச்சை உரசல் வரை விட வேண்டும். பானெட் லேசாகத் தூக்கும்போது வலது காலால் கொஞ்சம் ரைஸ் கொடுத்து, பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். முதல் நாள் மூன்று பழம் போனது. ஜூஸுக்கு ஆச்சு என்றார்.

ஏற்காடு போனது அதற்கப்புறம். 20 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிகம் பேசினார். ஏறின கியரிலேயே இறங்கு, நியூட்ரலில் விடாதே. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். நியூட்ரலில் போனால் டீசல் மிச்சம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைய வண்டிகள் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்குப் போகும் டீசலை நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடச் செலவாகும்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

*

சிங்கப்பூர்

அக்கா, இங்கே கியர் வண்டிக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் தனித்தனி லைசென்ஸ். கிளாஸ் 3 எடுத்தால் கியர் வண்டியும் ஓட்டலாம். 3ஏ எடுத்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கூட வேலை பார்ப்பவர்கள் 3ஏ போதும் என்றார்கள். கம்பெனி லாரி கியர் வண்டி என்பதால் எனக்கு வேறு வழியில்லை. டெஸ்ட்டில் சர்க்யூட்டுக்குள் ஒரு மேடு இருக்கும், அதில் நின்று கிளம்ப வேண்டும். பின்னால் உருண்டேன், போச்சு. இரண்டாவது தடவைதான் பாஸ். அந்த எலுமிச்சம்பழ ஐயா அப்போது கிடைத்திருந்தால் கொஞ்சம் வெள்ளி (எங்கள் ஊர் டாலர்) மிச்சமாகியிருக்கும்.

*

திருநெல்வேலி

நான் கத்துக்கிட்டது அம்பாசடர்ல. கியர் தரையில கிடையாது, ஸ்டீயரிங் பக்கத்துலயே நீட்டிக்கிட்டு இருக்கும். முன்னால நீள சீட்டு. நான் ஓட்ட, நடுவுல எங்க அண்ணாச்சி, அந்தப் பக்கம் சித்தப்பா. மூணு பேரும் ஒரே நேரத்துல வழி சொல்லுவாவ. அதுக்கப்புறம் லாரிக்குப் போனேன். அங்க டபுள் கிளட்ச். மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டு வந்து விடணும், ஒரு ரைஸ் குடுத்து மறுபடி மிதிச்சுத்தான் கீழ் கியர் போடணும். தப்பினா பல்லு கடிக்கிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். இப்ப உள்ள கார்ல அந்த வேலையே இல்ல, வெண்ணெயில கத்தி மாதிரி விழுது.

*

ஈரோடு, ஒர்க்‌ஷாப்

ஒண்ணே ஒண்ணு. கியர் மாத்தாத நேரத்துல இடது காலைக் கிளட்ச் மேல வைக்காதீங்க. சும்மா பட்டா கூடத் தேயும். சிக்னல்ல நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துருங்க. எங்கிட்ட வர்ற கிளட்ச் வேலைல நிறைய இதனாலதான். எனக்கு வருமானம், உங்களுக்கு நட்டம்.

*

சென்னை

எதுக்குங்க இந்த வம்பெல்லாம்? கிளட்ச் பெடலே இல்லாத ஏ.எம்.டி. கார் வாங்கிட்டுப் போங்க.

*

சேலம், அழகாபுரம்

சென்னைக்காரருக்கு: 2014-இல் மாருதி செலெரியோ காரில் வந்ததிலிருந்து ஏ.எம்.டி. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் உள்ளே இருப்பது அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச்தான். உங்கள் காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. 20 நாள் வேறொருவர் மிதித்த கிளட்ச்சில் ஓட்டியவள் நான், மறுபடி அங்கே போக மனசில்லை. கால் முட்டி வலிக்கிற காலத்தில் பார்க்கலாம்.

நேற்று சாயங்காலம் ஐந்து ரோடு ஏற்றத்தில் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. பின்னால் ஒரு ஆட்டோ ஒட்டினாற்போல வந்து நின்றது. கண்ணாடியில் பார்த்தால், அதன் முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தெரிந்தன. பானெட் தூக்கும் வரை காத்திருந்து ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். பழம் தப்பியது.