மறு: காற்றோடு வந்து சேரும் குளிருக்கு என்ன சொல்? – ‘குளிர்வரத்து’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வேறோர் இடத்துக் குளிரைக் காற்று சுமந்துவந்து நம்மிடம் சேர்ப்பதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த மடல்களையெல்லாம் நேற்றிரவு ஒரே இருப்பில் படித்தேன். கோவை நண்பர் ‘கிடைச்சலனம்’ (கிடைமட்ட அசைவு) என்கிறார். ஐயா ‘குளிர்ப்பெயர்ச்சி’ என்கிறார். மட்டக்களப்பு அக்கா, ‘வாடை இருக்கும்போது வேறு சொல் எதற்கு?’ என்று கேட்கிறார். மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘குளிர்வரத்து’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

இது எனக்கு வெறும் சொல்லாக்கப் பயிற்சி அல்ல. 2022 டிசம்பர் 9ஆம் திகதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அதற்கு முன் அது எங்களுக்கு அப்பால் வங்கக்கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. கிளிநொச்சியில் நாங்கள் மழைக்கும் காற்றுக்கும் ஆயத்தமாக இருந்தோம். கார்த்திகை மாதத்தில் அவை புதியவை அல்ல. ஆனால் வந்தது குளிர். மாமாவின் மாட்டுப்பட்டி வயல்வெளியின் நடுவே இருக்கிறது. தூறலோடு வடக்குக் காற்று பிடித்ததும் மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. இரவில் இரண்டு மரங்களுக்கு இடையே தறப்பாளை இழுத்துக் கட்டினோம். ஒரு மணித்தியாலம்கூட அது நிற்கவில்லை. விடியும்போது ஒரு நாம்பன் கன்று முன்னங்கால்களை மடித்தபடி கிடந்தது. மாமா சாக்கினால் அதன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நாக்கின் அடிவரை சில்லிட்டிருந்தது.

எங்கள் பட்டியில் நான்கு போயின. அந்த நாள்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்தன. எங்கள் கைபேசிக்கு வந்து சேர்ந்த குறுஞ்செய்தியில் மழை என்று இருந்தது, பலத்த காற்று என்று இருந்தது. குளிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒரு சொல்லைத்தான் நான் தேடுகிறேன்.

நடந்தது என்ன என்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும். நம் அரைக்கோளத்தில் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக வீசும். புயல் நமக்குக் கிழக்கே நின்றால் அதன் மேற்குப் பக்கத்துக் காற்று நம்மீது வடக்கிலிருந்து இறங்கும். டிசம்பரில் வடக்கே இருக்கும் இந்தியப் பெருநிலத்தின் காற்று குளிர்ந்தது, வறண்டது. புயல் அதை இழுத்து நம் முற்றத்தில் கொட்டியது. வடக்கே போகப் போக 100 கிலோமீற்றருக்கு வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று நேர் வடக்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், பத்து மணித்தியாலத்தில் 3 பாகை இறங்கும். காற்று 60 ஆனால் 6 பாகை. வழியில் கடலும் தரையும் காற்றைச் சற்றுச் சூடாக்கும் என்பதால் கணக்கு அப்படியே பலிக்காது, ஆனால் போக்கு இதுதான். காற்று வலுப்பதும் குளிர் கூடுவதும் இரண்டு தனிச் செய்திகள் அல்ல. முதலாவது இரண்டாவதைக் கொண்டுவருகிறது.

ஆங்கிலத்தில் இதை அட்வெக்‌ஷன் என்கிறார்கள். அதன் இலத்தீன் வேருக்குப் பொருள் ‘கொண்டுவந்து சேர்த்தல்’. நம்மிடம் அதற்கு ஒரு சொல் நாள்தோறும் புழங்குகிறது. இரணைமடுக் குளத்துக்கு நீர்வரத்து, மேட்டூர் அணைக்கு நீர்வரத்து, சந்தைக்கு வெங்காய வரத்து. எல்லாவற்றிலும் மூன்று செய்திகள் உள்ளே இருக்கின்றன: வெளியே ஓர் இடத்திலிருந்து வருகிறது, இங்கே சேருகிறது, இவ்வளவு நேரத்துக்கு இவ்வளவு என்று அளக்கலாம். அணையின் வரத்தை வினாடிக்கு இத்தனை கன அடி என்கிறோம். குளிர்வரத்தை மணிக்கு இத்தனை பாகை என்று சொல்லலாம். இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

> வெப்பச்சலனம் ஏற்கெனவே வேரூன்றிய சொல். அதன் இணையாகக் கிடைச்சலனம், குளிர்ச்சலனம் என்று போவதுதான் ஒழுங்கு.

ஒழுங்குதான், மறுக்கவில்லை. ஆனால் வெப்பச்சலனம் என்றதும் கோடை மழையை நினைக்கும் அளவுக்குச் செய்தித்தாள்கள் வாசகரைப் பழக்கிவிட்டன. அது காற்று மேலெழுவது. குளிர்ச்சலனம் என்றால் அதன் எதிர்மறை, குளிர்ந்த காற்று மேலிருந்து இறங்குவது என்றே ஒருவர் விளங்கிக்கொள்வார். அதுவும் உண்மையில் நடக்கிற வேறொரு நிகழ்வு. பாடநூலில் மாணவரைக் குழப்பும் இடம் சரியாக இதுதான். மேலும், சலனம் என்றால் அசைவு. எங்கிருந்து எங்கே என்று அது சொல்வதில்லை.

பெயர்ச்சியைப் பற்றி ஐயாவிடம் ஒன்றே ஒன்று: சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி என்று ஆண்டு முழுவதும் காதில் விழும் சொல்லை வானிலை அறிவிப்பில் வைத்தால் கேட்பவர் மனம் பஞ்சாங்கத்துக்குப் போய்விடும்.

அக்காவின் வாடைக்குத்தான் நான் மிகவும் தயங்கினேன். நெடுநல்வாடையில் வாடையின் கடுமையால் கறவைகள் கன்றை ஊட்ட விடாமல் தவிர்ப்பதை அக்கா எடுத்துக்காட்டியபோது எனக்கு எங்கள் பட்டியே கண்முன் நின்றது. ஆனாலும் வாடை ஒரு காற்றின் பெயர். சோளகம், கச்சான், கொண்டல் போல அது திசையோடு கட்டுண்டது. கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்காத ஆண்டு உண்டா? எல்லா வாடையும் மாடுகளைக் கொல்வதில்லை. அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் குளிர் தெற்கிலிருந்து வருகிறது. அங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இதே பாடத்தை எப்படிச் சொல்வோம்? ‘வாடையால் குளிர்வரத்து கூடும்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம். காற்றுக்குப் பெயர் வாடை, அது செய்யும் வேலைக்குப் பெயர் வரத்து.

> குளிர் அலை என்ற சொல் போதாதா?

போதாது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அளவுகோலில், சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 பாகை அல்லது அதற்கும் கீழே இறங்கி, இயல்பைவிட 4.5 பாகையாவது குறைந்தால் குளிர் அலை. எங்கள் வன்னியில் அது எந்தக் காலத்திலும் நிகழப்போவதில்லை. நனைந்த மாட்டுக்கு அவ்வளவு குளிர் தேவையும் இல்லை.

நனைந்த மாடு என்றதும் இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். இழையில் இருவர் விண்ட் சில் (காற்று வீசுவதால் உடம்புக்குக் கூடுதலாகத் தெரியும் குளிர்) என்பதற்கும் இதே சொல்லைக் கேட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. குளிர்வரத்து வந்தால் வெப்பமானியே இறங்கும். விண்ட் சில்லில் வெப்பமானி அசையாது, உடம்புதான் வெப்பத்தை விரைவாக இழக்கும். அன்டார்க்டிகாவில் சைப்பிள், பாசெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நீர் உறையும் நேரத்தை அளந்து அதற்கு முதல் கணக்குப் போட்டார்கள். இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் பயன்படும் 2001ஆம் ஆண்டுச் சூத்திரம் 10 பாகைக்கு மேல் செல்லுபடியாகாது. ஆகவே எண்ணாக அது நமக்கு உதவாது. சொல்லாக உதவும். அதற்கு ‘ஊதற்குளிர்’ என்று வைக்கலாமே. ஊதல் காற்று என்று கிராமத்தில் யாரும் விளங்கிக்கொள்வார்கள்.

குளிர்வரத்து என்பதால் அன்றைய குளிர் முழுவதையும் வரத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகில் வெயிலை மறைத்தது. வறண்ட காற்றில் தூறல் ஆவியாகி மேலும் குளிர்வித்தது. அறிவிப்பில் மூன்றையும் பிரித்துச் சொல்ல இடம் இராது. கட்டுரையில் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

அதே நாள்களில் கொழும்பில் புகைமூட்டம் கவிந்து, காற்றின் தரம் கெட்டு, 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள் அல்லவா? அந்த மாசும் வடக்கிலிருந்து வந்த அதே காற்றில் ஏறித்தான் வந்தது. ஆகவே மாசுவரத்து. கடலிலிருந்து ஈரம் வந்தால் ஈரவரத்து. சூடான நிலத்துக் காற்று வந்தால் வெப்பவரத்து. புணர்ச்சியிலும் எந்தச் சிக்கலும் இல்லை, வல்லினம் மிகுமா மிகாதா என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

போன கிழமை மாமாவிடம் இரண்டு அறிவிப்புகளை வாசித்துக் காட்டினேன். முதலாவது: “நாளை வெப்பநிலை குறையக்கூடும்.” தலையாட்டினார், அவ்வளவுதான். இரண்டாவது: “நாளை மாலை முதல் வடக்கிலிருந்து குளிர்வரத்து கூடும். காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீற்றர், இடையிடையே 60. பகல் வெப்பநிலை இயல்பைவிட 4 முதல் 6 பாகை குறையலாம்.”

கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “எத்தனை நாளைக்கு வரும்? கன்றுகளை இன்றைக்கே வீட்டுப் பக்கம் ஓட்டிவரவா?”

மறுப்பு உள்ளவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் எழுதுங்கள். அடுத்த மாரிக்கு நாங்கள் ஊருக்குள் அனுப்பும் குரற்செய்தியில் இதைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். அட்வெக்‌ஷன் ஃபாக் (ஈரக்காற்று குளிர்ந்த பரப்பின்மேல் வந்து சேரும்போது உண்டாகும் மூடுபனி) என்பதற்கு ‘வரத்து மூடுபனி’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே முழு நிறைவில்லை. அதற்கு யாராவது நல்ல சொல் சொன்னால் மகிழ்வேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து