முதிர்ந்த செல்களில் பி16 புரதத்தைத் தெளிவாகக் காண உதவி தேவை

செல் வளர்ப்பில் அனுபவமுள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மனிதக் கருவின் நுரையீரலிலிருந்து பெறப்பட்ட ஐஎம்ஆர்-90 ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களை, 1961-இல் ஆய்வாளர்கள் ஹேஃபிளிக்கும் மூர்ஹெட்டும் விவரித்தது போல, பிரிவதை நிறுத்தும் வரை வளர்த்து, அவற்றின் முதுமையைப் புரத அடையாளங்களால் உறுதிசெய்ய முயன்று வருகிறேன். முதிர்ந்த செல்களை நீலமாகக் காட்டும், பிஹெச் 6-இல் செய்யும் பீட்டா-காலக்டோசிடேஸ் சாயச் சோதனையில் நீலம் நன்றாகவே ஏறுகிறது. ஆனால் தட்டு நிரம்பி, இடமில்லாமல் பிரியாது நிற்கும் இளம் செல்களும் அதே நீலத்தைக் காட்டக்கூடும் என்பதால், அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. செல் பிரிவைத் தடுக்கும் பி21 புரதமோ பிரிவு நிற்கும் கட்டத்தில் உயர்ந்து பின்னர் தணிந்துவிடுகிறது. அதன்பின் நிலைத்து நிற்பது, அதேபோல் பிரிவைத் தடுக்கும் பி16 தான்.

சிக்கலும் அங்கேதான். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், முதுமையில் குறையும் செல் உட்கருப் புரதமான லாமின் பி1 குறைவது தெளிவாகத் தெரியும்போது, பி16 பட்டை மட்டும் புகைபோல மங்கலாக வருகிறது. பி16 இயல்பாகவே மிகுந்திருக்கும் ஹீலா புற்றுநோய்ச் செல் சாற்றில் பட்டை அடர்த்தியாக விழுவதால், ஆன்டிபாடியைக் குறை சொல்ல முடியவில்லை. புரதம் மிகச் சிறியது என்பதால் 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வை விட்டு 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வுக்கு மாறியும் ஓரளவே பலன் கிடைத்தது.

சவ்வுக்கு மாற்றும் நேரத்தைக் குறைப்பதா, மாற்றும் கரைசலில் மெத்தனால் அளவைக் கூட்டுவதா, ஃபைப்ரோபிளாஸ்டுக்கு எந்த ஆன்டிபாடி குளோன் (வகை) ஏற்றது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். பி16 இல்லாமல், லாமின் பி1 குறைவையும் பிரியும் செல்களில் காணப்படும் கேஐ-67 புரதத்தின் இன்மையையும் முதிர்ந்த செல்கள் வெளியிடும் அழற்சிப் புரதமான ஐஎல்-6 சுரப்பையும் சேர்த்துக் காட்டினால் ஆய்விதழ் மதிப்பீட்டாளர்கள் ஏற்பார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.